கிள்ளான் அக்காவும் கூகுளின் முதல் பக்கமும்

சித்திரைப் புத்தாண்டு முடிந்த மறுவாரம், ஒரு புதன்கிழமை இரவு. கிள்ளான் செந்தோசாவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. வீட்டின் முன்னறையில் மூன்று தையல் இயந்திரங்களைப் போட்டு, ரவிக்கை தைத்துக் கொடுக்கும் அக்கா அவர். என் மனைவியின் கல்யாண ரவிக்கையே அவர் கை வேலைதான். அவருடைய கணவர் முன்பு லோரி ஓட்டினார். முதுகு வலி வந்த பிறகு அதை விட்டுவிட்டு, இப்போது மனைவிக்குத் துணையாகச் சேலை மடித்துக் கொடுக்கிறார்.

“தம்பி, ஒருத்தரு ஃபோன் பண்ணாரு. ரெண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி கட்டுனா முப்பது நாள்ல கூகுள்ல நம்மள முதல் இடத்துக்குக் கொண்டாந்துடுவாராம். அந்தப் பெரிய ஜவுளிக் கடைக்கும் மேலயாம். கட்டலாமா?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். என் மௌனத்தைக் கேட்டு அக்காவே தொடர்ந்தார்: “நாப்பது பிளவுஸ் கூலி தம்பி அது. இவரு கட்டுங்கிறாரு. எனக்குத்தான் மனசு வரல.”

அவருடைய கவலை நியாயமானது. பத்து வருடங்களாக வாய்வழிச் செய்தியிலேயே ஓடிய தொழில் அது. ஒரு கல்யாணத்தில் ஒருத்தி போட்டிருந்த ரவிக்கையைப் பார்த்து இன்னொருத்தி வருவாள். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கல்யாணங்கள் நின்றன, அந்தச் சங்கிலியும் அறுந்தது. மறுபடி கல்யாணங்கள் தொடங்கியபோது பெண்கள் அத்தையைக் கேட்பதை விட்டுவிட்டுக் கைப்பேசியைக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். கைப்பேசியோ பெரிய கடையைக் காட்டியது. அக்காவுக்கும் ஓர் அகப்பக்கம் இருக்கிறது. அக்காள் மகன் கல்லூரியில் படிக்கும்போது செய்து கொடுத்தது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்றாம் பக்கம் வரை போக வேண்டும். மூன்றாம் பக்கத்துக்கு யார் போகிறார்கள்?

கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொன்னேன். இனி அந்தப் பழைய காரணம்.

2012ஆம் ஆண்டின் தொடக்கம். பிரிக்பீல்ட்ஸில் என் மாமா மகன் கல்யாண அழைப்பிதழ் அச்சடிக்கும் சிறிய கடை வைத்திருந்தார். அவருக்கும் இதே பிரச்சினைதான். பழைய, பெரிய அச்சகம் ஒன்று எதைத் தேடினாலும் முதலில் வந்து நிற்கும். நான் அப்போது கணினித் துறையில் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எல்லாம் தெரியும் என்ற எண்ணம். வெளிநாட்டில் யாரோ ஒருவரிடம் நானூறு வெள்ளிக்கு ஐயாயிரம் இணைப்புகள் வாங்கிக் கொடுத்தேன்.

அது என்ன இணைப்பு என்று சிலர் கேட்கலாம். நல்ல தையல்காரரைத் தேடும்போது நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? நாலு பேரைக் கேட்பார்கள். நாலு பேரும் ஒரே பெயரைச் சொன்னால் அங்கே போவார்கள். அதிலும் பெரியம்மா சொன்னால் அதற்குத் தனி மதிப்பு, ஏனென்றால் பெரியம்மா யாரையும் எளிதில் நல்லவர் என்று சொல்லிவிட மாட்டார். 1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் இதே கணக்கைத்தான் இணையத்துக்குப் போட்டார்கள். ஓர் அகப்பக்கத்திலிருந்து இன்னோர் அகப்பக்கத்துக்கு இணைப்பு கொடுத்தால் அது ஒரு சிபாரிசு. மதிப்புள்ள பக்கத்திலிருந்து வந்தால் மதிப்புள்ள சிபாரிசு. அதை வைத்து எந்தப் பக்கத்தை முதலில் காட்டுவது என்று முடிவு செய்யலாம். கூகுள் பிறந்தது இந்த யோசனையில்தான்.

சிபாரிசுக்கு மதிப்பு வந்ததும் பொய்ச் சிபாரிசு விற்கும் கடைகளும் வந்துவிட்டன. நான் வாங்கிய ஐயாயிரமும் அந்த வகை. ரஷ்ய மொழிச் சூதாட்டப் பக்கம், எங்கோ இருக்கும் மாத்திரைக் கடை, யாரும் படிக்காத பக்கங்கள். எல்லாம் சேர்ந்து பிரிக்பீல்ட்ஸ் அழைப்பிதழ் கடை நல்ல கடை என்று சாட்சி சொல்லின.

இரண்டு மாதம் அற்புதமாக இருந்தது. கடை நான்காவது இடத்துக்கு வந்தது. மாமா மகன் எனக்கு வாழை இலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். அந்த ஏப்ரல் 24ஆம் தேதி கூகுள் “பெங்குவின்” என்ற மாற்றத்தை வெளியிட்டது. விலைக்கு வாங்கிய இணைப்புகளைக் கண்டுபிடித்து, வாங்கியவர்களைக் கீழே தள்ளுவதுதான் அதன் வேலை. மே மாதத் தொடக்கத்தில் கடைப் பெயரையே முழுதாகத் தட்டினாலும் அகப்பக்கம் கண்ணில் படவில்லை. அந்த இணைப்புகள் வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் வசதி அக்டோபரில்தான் வந்தது. அதற்குள் ஆவணி முகூர்த்தங்கள் எல்லாம் போய்விட்டன. கடையில் வேலைக்கு இருந்த பையனை நிறுத்தினார்கள். மாமா மகன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வருடம் கழித்து, அகப்பக்கப் பெயரைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டதாக மட்டும் சொன்னார்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது என்று பின்னால் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அமெரிக்காவின் ஜேசி பென்னி என்ற பெரிய கடைத்தொகுதி, சாம்சோனைட் பெட்டிகளைத் தேடினால் சாம்சோனைட் நிறுவனத்துக்கே மேலே வந்து நின்றது. காரணம், சம்பந்தமே இல்லாத பக்கங்களில் விதைக்கப்பட்ட இணைப்புகள். 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை வெளியே கொண்டு வந்தது. கூகுள் கை வைத்த இரண்டு மணி நேரத்தில் முதல் இடத்திலிருந்து 71ஆம் இடத்துக்கு இறங்கியது அந்தக் கடை. தங்களுக்கு எதுவும் தெரியாது என்று சொல்லி, தேடல் வேலையைப் பார்த்த நிறுவனத்தை விலக்கிவிட்டார்கள். அவர்களுக்கு வேறு ஆயிரம் வழியில் வியாபாரம் இருந்தது, தப்பித்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் கடைக்கு அப்படி இல்லை.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2016க்குப் பிறகு கூகுள் இத்தகைய இணைப்புகளைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே அந்த ரெண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி கட்டினால், நல்ல காலமாக இருந்தால் பணம் மட்டும் போகும். கெட்ட காலமாக இருந்தால் பெயரும் போகும். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அப்படி உத்தரவாதம் தருபவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கவும் சொல்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். மேசையில் தேநீர், முறுக்கு, பக்கத்தில் பாதி தைத்த ரவிக்கை. கைப்பேசியில் யாரும் அடையாளம் காணாத தனிச் சாளரத்தைத் திறக்கச் சொன்னேன். சொந்தக் கைப்பேசியில் சாதாரணமாகத் தேடினால், நாம் அடிக்கடி போகும் பக்கம் மேலே வந்து நம்மை ஏமாற்றக்கூடும். “சேரி பிளவுஸ் டெய்லர் கிள்ளான்” என்று ஆங்கிலத்தில் தட்டினோம். தமிழில் தட்டுபவர்கள் குறைவு என்பது வருத்தமான உண்மை.

திரையின் உச்சியில் விளம்பரங்கள். அடுத்து ஒரு வரைபடமும் மூன்று கடைகளும். அதற்குக் கீழேதான் வழக்கமான பட்டியல், அதில் முதலாவது அந்த ஜவுளிக் கடை. அதுவரை அக்கா இதை ஒரே வரிசை என்று நினைத்திருந்தார். உண்மையில் இவை மூன்று தனித்தனித் திடல்கள். ஒன்றில் தோற்பவர் இன்னொன்றில் ஜெயிக்கலாம்.

ஜவுளிக் கடையின் பக்கத்தைத் திறந்து நிதானமாகப் பார்த்தோம். போட்டிக்காரரின் பக்கத்தைக் கோபமில்லாமல் படிப்பது ஒரு தனிக் கலை. அக்காவுக்கு அது வரவில்லை, அவருடைய கணவருக்கு வந்தது. நிறைய வருடங்களாக நடக்கும் பக்கம் அது. நூற்றுக்கணக்கான சேலைப் படங்கள். நாளிதழ்களும் சுற்றுலாப் பக்கங்களும் அதற்கு உண்மையான இணைப்பு கொடுத்திருக்கின்றன. இந்த வயதையும் பெயரையும் ஆறு மாதத்தில் யாரும் பிடிக்க முடியாது. பிடிக்க முயல்வதும் வீண்.

ஆனால் தையலைப் பற்றி அங்கே என்ன இருந்தது தெரியுமா? “ரவிக்கை தைத்துத் தரப்படும்” என்ற ஒரே ஒரு வரி. விலை இல்லை, எத்தனை நாள் என்று இல்லை, ஒரு ரவிக்கைப் படம்கூட இல்லை. சேலை விற்பதுதான் அவர்கள் தொழில். தையல் ஓர் உபசாரம். அந்த ஒரு வரிக்குத்தான் முதல் இடம் கிடைத்திருந்தது, ஏனென்றால் அதைவிட நல்ல பதிலைக் கிள்ளானில் வேறு யாரும் எழுதி வைக்கவில்லை.

“இவ்வளவுதானா?” என்றார் அண்ணன்.

இந்த இடத்தில் சென்னைக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும், மாப்பிள்ளை பெண் தேடும் வீடுகளுக்கு இது தெரிந்த பெயர்தான். அமெரிக்காவில் மென்பொருள் வேலை பார்த்த முருகவேல் ஜானகிராமன் 1997இல் அங்குள்ள தமிழர்களுக்காக ஓர் அகப்பக்கம் தொடங்கினார். அதில் மக்கள் அதிகம் பார்த்தது திருமணப் பகுதியை. அதுதான் பின்னர் பாரத் மேட்ரிமோனி ஆனது. இந்தியா முழுவதற்கும் “ஷாதி” என்ற பெரிய சொல்லை எடுத்துக் கொண்ட போட்டியாளர் ஒருவர் ஏற்கெனவே இருந்தார். முருகவேல் தமிழ் மேட்ரிமோனி, தெலுங்கு மேட்ரிமோனி என்று மொழிவாரியாகப் பிரித்துப் போனார். தமிழ் மாப்பிள்ளை தேடும் அம்மாவுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்ற குழப்பமே இல்லை.

அந்தக் கதையின் அடுத்த பாதியும் நமக்குப் பாடம்தான். யாராவது இந்தப் பெயர்களைக் கூகுளில் தேடினால் பக்கத்திலேயே போட்டி நிறுவனங்களின் விளம்பரம் வந்து நின்றது. அந்தச் சொற்கள் எங்கள் வணிக முத்திரை, அவற்றை மற்றவர்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பாரத் மேட்ரிமோனியை நடத்திய நிறுவனம் கூகுளையும் போட்டியாளர்களையும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2010 செப்டம்பர் 30ஆம் தேதி நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தார். தமிழ், மேட்ரிமோனி போன்றவை தொழிலையே விவரிக்கும் சொற்கள் என்பது அதில் முக்கியமான விஷயமாக இருந்தது. அதாவது, பொதுச் சொல்லில் பெயர் வைத்தால் தேடுபவர்கள் எளிதாக வருவார்கள், ஆனால் அந்தச் சொல்லுக்கு வேலி போடுவது கடினம்.

இதைச் சொன்னதும் அண்ணன் கண்கள் விரிந்தன. “அப்படின்னா அந்தக் கடைப் பேரத் தேடுறவங்களுக்கு நம்ம விளம்பரத்தக் காட்டலாமா தம்பி?” வியாபார மூளைதான். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும் விஷயம், வக்கீல் செலவுக்குப் பணம் இருந்தால் யோசிக்கலாம் என்றேன். அக்கா முறுக்குத் தட்டை அவர் பக்கம் தள்ளி அந்தப் பேச்சை முடித்து வைத்தார்.

சரி, பெரிய சொல் வேண்டாம் என்றால் எந்தச் சொல்? இதற்குப் பணம் கட்டி வாங்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அக்காவிடம் அதைவிட நல்லது ஒன்று இருந்தது. புலனத்தைத் திறந்து, கடந்த இரண்டு மாதத்தில் புதியவர்கள் அனுப்பிய முதல் செய்தியை மட்டும் வாசிக்கச் சொன்னேன். நான் எழுதிக் கொண்டே வந்தேன். சனிக்கிழமைக்குள் கிடைக்குமா? லைனிங் வைத்து எவ்வளவு? இணையத்தில் வாங்கிய சேலையோடு வந்த துணி பெரிய உடம்புக்குப் போதுமா? பழைய ரவிக்கையைப் பிரித்துப் பெரிதாக்க முடியுமா? ஆரி வேலை கைக்கு மட்டும் செய்வீர்களா? நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் நிறைந்தது.

இரண்டு விஷயங்கள் அக்காவுக்கே ஆச்சரியம். ஒன்று, செய்திகளில் பாதிக்கு மேல் தையலைப் பற்றியே இல்லை, அண்ணனின் சேலை மடிப்பைப் பற்றி. கொசுவத்தையும் முந்தானையையும் முன்கூட்டியே மடித்து, இஸ்திரி போட்டு, ஊசி குத்திப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் கட்டிக் கொள்ளலாம். அலுவலகத்திலிருந்து நேராகக் கல்யாண வரவேற்புக்கு ஓடும் பெண்களுக்கு இது வரம். அகப்பக்கத்தில் இதைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை! இரண்டு, மலாய் மொழியில் வந்த செய்திகள். தோழி கல்யாணத்துக்குச் சேலை கட்ட ஆசைப்படும் மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள். அவர்கள் “துக்காங் ஜாஹிட் பிளவுஸ் சாரி” என்று தேடுகிறார்கள். நம் கடைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டும் எழுதி வைத்திருக்கின்றன. மூன்று மொழி பேசும் நாட்டில் ஒரு மொழியில் மட்டும் கடைப் பலகை தொங்குகிறது.

ஐந்து பக்கம் எழுதுவது என்று முடிவு செய்தோம். சேலை மடிப்புக்கு ஒன்று, அவசரத் தையலுக்கு ஒன்று, ஆரி வேலைக்கு ஒன்று, பழைய ரவிக்கை திருத்தத்துக்கு ஒன்று, மலாய் மொழியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒன்று. ஒவ்வொரு பக்கமும் கேட்பவரின் கேள்விக்கு முதல் இரண்டு வரியிலேயே விடை சொல்ல வேண்டும். அக்கா பேசப் பேச நான் தட்டச்சு செய்தேன். தையல் பிரிக்க இடம் விட்டு வெட்டுவது ஏன், பட்டுத் துணிக்கு லைனிங் எதற்கு, கழுத்து ஆழமாக வேண்டும் என்பவர்கள் அளவு கொடுக்கும்போது என்ன அணிந்து வர வேண்டும் என்று அவர் சொன்னவை எந்தப் போட்டிக்காரர் பக்கத்திலும் இல்லை. செய்து பார்த்த அனுபவம் பக்கத்தில் தெரிகிறதா என்பதை மதிப்பீட்டு வழிகாட்டியில் 2022 டிசம்பரில் கூகுள் சேர்த்தது. அக்காவுக்கு இருப்பதெல்லாம் அந்த அனுபவம்தான்.

விலை எழுதுவதில்தான் சண்டை வந்தது. “வெலையப் போட்டா போட்டிக்காரன் பாத்துட்டு ஒரு வெள்ளி கொறைச்சுப் போடுவான்” என்றார் அண்ணன். “கேக்குறவங்க பாதிப் பேரு வெலையத்தானே கேக்குறாங்க” என்றார் அக்கா. நான் அக்கா பக்கம். கடைசியில் இத்தனை வெள்ளியிலிருந்து என்று தொடக்க விலை மட்டும் போட ஒத்துக் கொண்டார்.

படங்கள் முழுக்கச் சொந்தப் படங்கள். ரவிக்கையை உள்பக்கம் திருப்பிப் போட்டு, தையல் முடித்த விதம் தெரிய எடுத்தவை. இணையத்திலிருந்து எடுத்த நடிகைப் படங்கள் பழைய பக்கத்தில் ஒன்பது இருந்தன, அழித்தோம். அவை கனமானவையும்கூட. சாதாரணக் கைப்பேசியில் பக்கம் திறக்க அவ்வளவு நேரம் எடுத்ததற்கு அவைதான் காரணம்.

அக்காள் மகனுக்கு இந்த ஐந்து பக்கம் போதவில்லை. ஷா ஆலம், காப்பார், மேரு, பந்திங் என்று ஊருக்கு ஒன்றாக ஐம்பது பக்கங்களைச் செயற்கை நுண்ணறிவை வைத்து ஒரே இரவில் எழுதித் தருகிறேன் என்றான். ஊர்ப் பெயர் மட்டும் மாறும் பக்கங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2006இல் ஜெர்மனியில் பிஎம்டபிள்யூ கார் நிறுவனம், தேடுபொறிக்கு மட்டும் காட்டச் சொற்களை அடுக்கிய வாசல் பக்கங்களை வைத்திருந்தது. கூகுள் அந்த அகப்பக்கத்தையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பிஎம்டபிள்யூவுக்கே அந்த கதி. 2024 மார்ச்சில், தேடலுக்காக மட்டும் மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களுக்கென்றே தனி விதி வந்திருக்கிறது. மனிதன் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும் ஒன்றுதான். தம்பிக்குக் கொஞ்சம் கோபம். அவனுடைய வயதில் எனக்கும் ஐயாயிரம் இணைப்பு சரியாகத்தான் பட்டது.

அடுத்து வரைபடம். என்னைக் கேட்டால் சிறு தொழில் செய்பவர்கள் முதலில் இறங்க வேண்டிய திடல் இதுதான். இதில் மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. தேடியதற்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுபவருக்கும் உங்களுக்கும் உள்ள தூரம், உங்கள் தொழிலின் பிரபலம். தூரத்தில் அக்காவைப் பெரிய கடையால் வெல்ல முடியாது. செந்தோசாவிலிருந்து தேடும் பெண்ணுக்கு அக்காதான் பக்கம். இந்தப் பதிவு இலவசம். வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள் முகவரியை மறைத்து, எந்தெந்த வட்டாரத்துக்குச் சேவை என்று மட்டும் காட்டலாம். அக்கா முகவரி காட்டவே விரும்பினார், அளவெடுக்க ஆட்கள் வீட்டுக்கு வருகிறார்களே. உறுதிப்படுத்துவதற்குக் காணொளி கேட்டார்கள். தெருப்பலகையில் தொடங்கி வாசல், தையல் இயந்திரம், வெட்டும் மேசை என்று அண்ணன் நடந்து நடந்து எடுத்தார். முதல் முறை ஏற்கவில்லை, தெருப்பலகை தெளிவாக இல்லையாம். இரண்டாம் முறை சரியானது.

தொழில் வகையில் பழைய பதிவு “துணிக்கடை” என்று இருந்தது. அதைத் தையற்கடை என்று மாற்றியதுதான் அன்று செய்த மிகச் சிறிய வேலை, மிக அதிகப் பலன் தந்த வேலையும் அதுவாக இருக்கலாம்.

வாடிக்கையாளர் கருத்துகளைக் கேட்பதற்கு அக்காவுக்குக் கூச்சம். நம் பெண்களுக்கே உரிய கூச்சம். ரவிக்கையைக் கொடுத்து, போட்டுப் பார்த்து, முகம் மலரும் அந்த நிமிடத்தில் கேளுங்கள் என்றேன். ஐந்து நட்சத்திரம் போட்டால் ஐந்து வெள்ளி தள்ளுபடி என்று அறிவிக்கலாமா என்று கேட்டார். கூடாது. கருத்துக்குச் சன்மானம் கொடுப்பது விதிமீறல். ஒரு பெண் கை இறுக்கமாக இருக்கிறது என்று இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தாள். அதை எப்படி அழிப்பது என்று அக்கா கேட்க, அழிக்க வேண்டாம், கொண்டு வந்தால் பிரித்துத் தருகிறேன் என்று அதன் கீழேயே எழுதச் சொன்னேன். அந்தப் பெண் வந்தாள், நட்சத்திரத்தை மாற்றவில்லை. இருக்கட்டும்.

உண்மையான சிபாரிசுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அக்கா வேலை செய்து கொடுத்த மணப்பெண் ஒப்பனைக்காரர் ஒருவர், புகைப்படக்காரர் இருவர், அனைவருக்கும் அகப்பக்கம் இருந்தது. ஒரு கல்யாணத்தின் படங்களைப் போடும்போது ரவிக்கை யார் தைத்தது என்று பெயரும் இணைப்பும் போட முடியுமா என்று கேட்டோம். மூவரில் இருவர் போட்டார்கள். ஐயாயிரம் எங்கே, இரண்டு எங்கே! ஆனால் இந்த இரண்டும் ரவிக்கையைக் கண்ணால் பார்த்தவர்கள் கொடுத்தவை.

எல்லாம் முடிய மூன்று வாரம் ஆனது. கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவச வசதியில் பதிவு செய்து, எந்தச் சொல்லுக்கு எத்தனை பேர் கண்ணில் பட்டோம் என்று பார்க்க அக்காள் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். முதல் மாதம் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒன்றும் அசையவில்லை. முப்பது நாள் உத்தரவாதக்காரர் மறுபடி அழைத்தார், இந்த முறை இரண்டாயிரத்து இருநூறு வெள்ளி. திருத்தம் செய்து பலன் தெரிய நான்கு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகும் என்று கூகுளே சொல்கிறது என்றேன். அக்கா பொறுத்தார். அண்ணன் பொறுக்கவில்லை, ஆனால் பேசாமல் இருந்தார்.

ஆடி மாதம் சேலை மடிப்பு அசையத் தொடங்கியது. புரட்டாசி முடிவதற்குள் “சேரி பிரீ பிளீட்டிங் கிள்ளான்” என்று தேடினால் வரைபடத்தின் மூன்று கடைகளில் அக்கா ஒருவர். மலாய் மொழித் தேடலில் பட்டியலிலேயே இரண்டாவது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, இனிமேல் தையல் எடுக்க முடியாது, மடிப்பு மட்டும்தான் என்று பதிவை மாற்ற வேண்டி வந்தது. “சேரி பிளவுஸ் டெய்லர் கிள்ளான்” என்ற அந்தப் பெரிய சொல்லுக்கு இன்னும் ஜவுளிக் கடைதான் முதலில். அக்கா முதல் பக்கத்தின் கடைசியில் ஒட்டிக் கொண்டிருக்கிறார். சில நாள் இரண்டாம் பக்கத்துக்கு நழுவுகிறார். இப்போது பட்டியலுக்கும் மேலே செயற்கை நுண்ணறிவு எழுதும் விடை வேறு வந்து உட்கார்ந்து கொள்கிறது. அது அடுத்த வருடம் யாரைக் காட்டும் என்று அக்காள் மகன் கேட்டான். விலை, நாள், படம் எல்லாம் உன் பக்கத்தில் இருந்தால் அது எடுத்துச் சொல்ல ஏதாவது இருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

தீபாவளி முடிந்து பிரிக்பீல்ட்ஸுக்குப் போயிருந்தேன். மாமா மகன் இப்போதும் அச்சடிக்கிறார், அழைப்பிதழ் குறைந்து பெட்டிகளும் பைகளும் அதிகமாகிவிட்டன. கடைக்கு அகப்பக்கம் இல்லை. அக்கா கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். உங்களுக்கும் ஒன்று செய்து தருகிறேன், இந்த முறை எதையும் வாங்க மாட்டேன், வாடிக்கையாளர்கள் புலனத்தில் என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் எனக்குக் காட்டுங்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் இயந்திரத்தையே பார்த்துக் கொண்டிருந்தார்.

“தைப்பூச வேலை கழுத்து வரைக்கும் இருக்கு. அது முடியட்டும், வா” என்றார்.